மலையேறும் எஞ்சினும் நைட்ரஸ் ஆக்சைடும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குச் செல்லும், டர்போ இல்லாத கார் அடிவாரத்து இழுவையை மேலே காட்டாது. 1000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. பெட்ரோலை எரிக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும்.

பந்தயக் கார்களில் ஆக்சிஜனைக் கூட்டித் தருவது நைட்ரஸ் ஆக்சைடு. அறுவை அரங்கில் மயக்கத்துக்குத் தரும் அதே வாயுதான். எஞ்சின் சிலிண்டரின் கடும் வெப்பத்தில் அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றிலோ 23தான். திரவமாகப் பீய்ச்சப்பட்டு ஆவியாகும்போது, உள்ளே செல்லும் காற்றையும் குளிர்வித்து அடர்த்தியாக்கும். கூடவே பெட்ரோலும் கூடுதலாகச் செல்ல வேண்டும். தவறினால் பிஸ்டனே உருகலாம். இரண்டாம் உலகப் போரில், காற்று மெலிந்த உயரங்களில் எஞ்சின் திறன் குறையாதிருக்க ஜெர்மானிய விமானங்கள் சிலவற்றிலும் இதே முறை பயன்பட்டது.