நட்டக் கணக்கு எங்கே எழுதப்படுகிறது?

ஹற்றன் பக்கம், லயத்து வாசலில் ஒரு அக்கா கேட்டார்: "வருசா வருசம் நட்டம்னா, கம்பெனி ஏன் தம்பி தோட்டத்த விடல?"

தோட்டங்கள் 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்கு வந்தன. பல கம்பனிகளுக்கு மேலே, அவற்றை நடத்தும் இன்னொரு கம்பனி இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் முகாமைக் கட்டணம் தோட்டக் கம்பனியின் செலவு. செலவு கூடினால் இலாபம் குறையும், வரியும் குறையும். கட்டணம் வாங்குவது குற்றமல்ல. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, தொடர்புள்ள கம்பனிகளும் அந்நியர் இருவர் பேசித் தீர்க்கும் விலையிலேயே கொடுக்கல் வாங்கல் செய்யவேண்டும். தவறினால் இறைவரித் திணைக்களம் கணக்கைத் திருத்தி வரி விதிக்கலாம். வரி தவிர்க்கவென்றே செய்த ஏற்பாடுகளையும் ஒதுக்கலாம். 2022 ஒக்டோபரில் பொது வரி வீதம் 24இலிருந்து 30 ஆனதால் இந்தக் காவலுக்கு வேலை கூடியிருக்கிறது.

ஆனால் திருத்தத்தால் வரும் பணம் திறைசேரிக்கு. வரிக் கோப்போ இரகசியம். சம்பளம் பேசப்போகும் தொழிற்சங்கத்தின் கைக்கு அது வராது.

பங்குச்சந்தையில் உள்ள கம்பனி என்றால் ஆண்டறிக்கையில் 'தொடர்புடைய தரப்பினர்' என்ற குறிப்பைத் தேடுங்கள். முகாமைக் கட்டணம் அங்கே இருக்கும். அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதையும் சொல்லவேண்டியிருந்தது.