எட்டு போட்டா மூணு தெரியுது!

கம்ப்யூட்டர் நத்தை மாதிரி நகர்ந்தால் ஆபீஸில் எல்லோரும் சொல்லும் ஒரே வைத்தியம்: ''ராம் போடுங்க ஸார்!'' நெற்றியில் போடும் நாமம் இல்லை, இது மெமரி. கடைக்குப் போய், காசைக் கொடுத்து, சூயிங்கம் பாக்கெட் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டையை வாங்கி வந்து சொருகி, ஸ்விட்சைப் போட்டால்... எட்டு ஜி.பி. என்று காட்ட வேண்டிய இடத்தில் நாலு என்கிறது. இல்லாவிட்டால் எட்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு 'உபயோகத்துக்கு 3.24' என்று கையை விரிக்கிறது. மீதி எங்கே? கடைக்காரர் நாமம் போட்டுவிட்டாரா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கடைக்காரர் நிரபராதி. குற்றவாளிகள் வேறு. அவர்களில் மூன்று பேரை ஒரே கம்ப்யூட்டரில் பிடித்த இடம், அனுமந்தை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே இருக்கும் ஊர். சுற்றுவட்டாரம் முழுக்க உப்பளம். வெயில் காலத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர். வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களில் முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அடுத்த சீஸனில் கழிப்பார்கள்.

2019 செப்டம்பரில், அங்கே ஒரு உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதும் தம்பி போன் செய்தார்.

''அண்ணே, நாலு நாலா ரெண்டு ராம் போட்டேன். மொத்தமே நாலுதான் தெரியுது. போர்டு போச்சு, மிஷினையே புதுசா வாங்குன்னு மெக்கானிக் சொல்றாரு. முதலாளிகிட்ட சொன்னா மிஷினுக்குப் பதிலா என்னை மாத்திடுவாரு!''

விஷயம் வேடிக்கை இல்லை. யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், எவ்வளவு கழிந்தது என்று பதினைந்து வருஷக் கணக்கு அந்த மிஷினுக்குள்தான் இருந்தது. ஒரு வரி தவறினால், கழித்த கடனையே ஒரு தொழிலாளி மறுபடியும் கழிக்க வேண்டியிருக்கும்.

''தம்பி, எந்த நம்பர் குறையுது? முதல் நம்பரா, அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதா?''

இதுதான் முதல் கேள்வி. 'மை கம்ப்யூட்டர்' மேல் வலது க்ளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் இரண்டும் தெரியும். முதல் நம்பர், எவ்வளவு மெமரி சொருகியிருக்கிறது என்று போர்டு சொல்வது. அடைப்புக்குறிக்குள் இருப்பது, அதில் எவ்வளவு விண்டோஸுக்குக் கிடைத்தது என்பது. முதல் நம்பரே குறைந்தால் கோளாறு பெட்டிக்குள், ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். இரண்டாவது மட்டும் குறைந்தால் ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள்.

தம்பிக்கு முதல் நம்பரே நாலு. கரண்ட்டைப் பிடுங்கச் சொல்லி, பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கி, உள்ளே மிச்சமிருந்த கரண்ட்டை வடிக்கச் சொன்னேன். பிறகு கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட வேண்டும். நம் உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் நமக்கு உறைக்காது. மெமரி சிப்புக்கு அது இடி. அப்புறம் நாலு சோதனை. முதல் ராமை முதல் ஸ்லாட்டில் மட்டும். இரண்டாவது ராமை அதே ஸ்லாட்டில். பிறகு இரண்டையும் தனித்தனியாக இரண்டாவது ஸ்லாட்டில்.

விடை பளிச்சென்று வந்தது. முதல் ஸ்லாட்டில் இரண்டு ராமும் வேலை செய்தன. இரண்டாவது ஸ்லாட்டில் இரண்டுமே அவுட். ஆக, ராம் குற்றவாளி இல்லை. ஸ்லாட்!

வருஷக்கணக்காக வாயைத் திறந்தபடி காலியாகக் கிடந்த ஸ்லாட் அது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் டப்பா உப்பு கசிவது இதனால்தான். கடற்கரையில் ராத்திரி நேரத்தில் இந்த அளவு சர்வ சாதாரணம். உலோகத்தின் மேல் படிந்த உப்புத் தூசி இப்படி ஈரப் படலமாகி, மெள்ள மெள்ள அரித்துவிடும்.

பென்சில் ரப்பரால் தேய்க்கும் கைவைத்தியம் ராமின் தங்க முலாம் பூசிய விளிம்புக்கு மட்டும்தான். அதுவும் மெதுவாக. முலாம் மெல்லிசு, அழுத்தித் தேய்த்தால் போயே போச்சு. ஸ்லாட்டுக்கு மிருதுவான பிரஷ், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐஸோப்ரோப்பைல் ஆல்கஹால். துடைத்து, நன்றாக உலர விட்டு, ராமை நாலைந்து தடவை சொருகி எடுத்ததும் போர்டு கண் விழித்தது.

''அண்ணே! எட்டு வந்துடுச்சு! ஆனா பக்கத்துல 3.24-ன்னு போட்டிருக்கு...''

இரண்டாவது குற்றவாளி. அந்த மிஷினில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7. மெமரியில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 4,29,49,67,296. அதாவது நாலு ஜி.பி. அதற்கு மேல் வீடு கட்டினாலும் கதவு எண் கிடையாது, தபால்காரர் வரமாட்டார். அந்த நாலிலும் திரைக்கான கிராபிக்ஸ் முதலிய சாதனங்களுக்குக் கொஞ்சம் ரிசர்வேஷன். மிச்சம்தான் மூணு சொச்சம்.

இது புதுக் கதையும் இல்லை. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.ஸி.க்கு 20 பிட் முகவரி. மொத்தம் ஒரு எம்.பி. அதில் புரோகிராம்களுக்கு 640 கே.பி.; மீதி 384 ரிசர்வ்! 1985-ல் இன்டெல் 386 சிப் 32 பிட்டோடு வந்தபோது, நாலு ஜி.பி. என்பது கடலையே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. கடலும் ஒருநாள் போதாமல் போயிற்று.

வழி, 64 பிட்டுக்கு மாறுவது. பிராஸஸர் 64 பிட்தானா என்று முதலில் பார்க்க வேண்டும், தம்பியுடையது பாஸ். 32-க்கு மேலேயே 64-ஐப் போட முடியாது, அழித்துவிட்டுத்தான் போட வேண்டும். இங்கேதான் மூன்றாவது குற்றவாளி பதுங்கியிருந்தான். முன்பணக் கணக்கு, பழைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம். 64 பிட் விண்டோஸ் டாஸ் புரோகிராம்களை உள்ளேயே விடாது! மெக்கானிக் சொன்னபடி புது மிஷின் வாங்கியிருந்தாலும், முதல் நாளே கணக்குப் புத்தகம் திறந்திருக்காது.

அழிப்பதற்கு முன் இரண்டு பென்டிரைவில் கணக்கைக் காப்பி எடுத்தோம். ஒன்று அங்கே, ஒன்று என்னிடம். என் 64 பிட் லேப்டாப்பில் டாஸ்பாக்ஸ் என்ற இலவசப் புரோகிராமுக்குள் அதை ஓடவிட்டு, தம்பியின் பேப்பர் லெட்ஜரோடு பெயர் பெயராக ஒப்பிட்டோம். கடைசி ரூபாய் வரை டாலி ஆன பிறகுதான் ஃபார்மட். விண்டோஸ் 10, 64 பிட் ஏறியது. எட்டில் 7.88 கிடைத்தது. அந்த வாரச் சனிக்கிழமைப் பட்டுவாடா தடங்கலில்லாமல் நடந்தது.

உங்கள் மிஷினில் 64 பிட் இருந்தும் குறைகிறதா? 'எம்.எஸ்.கான்ஃபிக்'கில் பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், 'மேக்ஸிமம் மெமரி' கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பயாஸில் 'மெமரி ரீமேப்' இருந்தால் ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்றால் இரண்டு ஜி.பி.க்கு மேல் பார்க்காது, எத்தனை போட்டாலும் வேஸ்ட். இன்டெல் 945 சிப்செட் காலத்துப் போர்டு நாலைத் தாண்டாது. 2021-ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டும்தான். அதில் 32 பிட் வம்பே இல்லை. உப்புக் காற்றுக்குத்தான் எந்த வெர்ஷனும் கிடையாது. கடலோர ஆபீஸ்காரர்கள் காலி ஸ்லாட்டைத் தூசி படாமல் மூடி வையுங்கள்.

உப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ராமுக்கு 18 சதவிகிதம் உண்டு. ஆகவே ராம் வாங்கும் முன் அந்த இரண்டு நம்பரையும் பாருங்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்றார்கள் பெரியவர்கள். அனுமந்தை மிஷினுக்கு அந்த 'உள்ளளவு' இப்போது 7.88 ஜி.பி.!