நாடகம் யார் கையில் படமாகிறது?

அமெரிக்கக் கறுப்பின நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்' நாடகத்தைப் படமாக்கும் உரிமையை ஒரு பெரிய பட நிறுவனம் வாங்கியது. இயக்குநர் கறுப்பினத்தவராகவே இருக்க வேண்டும் என்று வில்சன் ஒரே பிடியாக நின்றார். 1990-இல் கட்டுரையும் எழுதினார். தோல் நிறத்துக்காகக் கேட்கவில்லை, அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர் வேண்டும் என்பதே அவர் வாதம். 2005-இல் வில்சன் மறைந்தார். படம் 2016-இல்தான் வந்தது, டென்சல் வாஷிங்டன் இயக்கத்தில். காசு கொடுத்தவனுக்கே சரக்கு சொந்தம் என்பது எங்கள் கடைத்தெரு நியாயம். நாடகத்துக்கு அது செல்லாது போலிருக்கு.

பொன்முடியிலிருந்து மலையிறங்கித் திருவனந்தபுரம் போனால், அங்கே இதைவிடப் பழைய வழக்கு ஒன்று உண்டு. அகத்தீசுவரத்தில் பிறந்த ஜே.சி. டானியல் எடுத்த 'விகதகுமாரன்'தான் மலையாளத்தின் முதல் படம். 1928 என்பாரும் உளர், 1930 என்பாரும் உளர். நாயகி பி.கே. ரோசி புலையர் சமூகத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து ஆடும் காக்காரிசி நாடகத்திலிருந்து வந்தவர். அவர் திரையில் நாயர் பெண்ணாகத் தோன்றினதை மேல்சாதியாருக்குப் பொறுக்கவில்லை. கேப்பிட்டல் தியேட்டரில் திரைமீதே கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டுத் தப்பி, நாகர்கோவிலில் அடையாளம் மறைத்து வாழ்ந்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை. 2013-இல் வந்த 'செல்லுலாய்ட்' இந்தக் கதையைச் சொன்னது. அதிலும் நாயகர் டானியல்தான். ரோசி பாதியிலேயே மறைந்துபோகிறார்.