ஒரு மலையே உலகமாய் வாழும் உயிர்கள்

உயிரினங்களுட் சில உலகெங்கும் பரந்து வாழ்வன. சில ஒரு நாட்டளவில் அமைவன. வேறு சிலவோ ஒரு மலை, ஓர் ஏரி என்னுஞ் சிற்றெல்லைக்குள்ளே தம் வாழ்வு முழுவதையும் அடக்கிக்கொண்டன. காகத்துக்கு ஓரூரில் இடமில்லையாயின் மற்றோர் ஊர் உண்டு. ஒரு மலையையே உலகமாகக் கொண்ட உயிருக்கு அம்மலை கெட்டாற் புகலிடம் வேறில்லை. இத்தகைய உயிர்கள் நமக்கு மிக அண்மையிலேயே வாழ்கின்றன. அவற்றின் இன்றைய நிலை யாது, அவற்றைக் காக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவில் அக்குறணையைக் கடந்தால் அலவத்துகொட என்னும் ஊரை அடையலாம். அதற்குக் கிழக்கே உயர்ந்து நிற்பது தும்பறை மலைத்தொடர். மடக்கிய கையின் விரல் முட்டுக்களைப் போன்று அதன் சிகரங்கள் தோன்றுதலின் ஆங்கிலேயர் அதனை 'நக்கிள்ஸ்' என்றனர். மகாவலி கங்கை பாயும் தும்பறைப் பள்ளத்தாக்கு, இத்தொடரை நடுவண் மலைநாட்டினின்றும் பிரித்து வைக்கின்றது. குளிர்ந்த சோலைகளிலே வாழப் பழகிய சிற்றுயிர் வெப்பமிக்க அப்பள்ளத்தாக்கைக் கடந்து அப்பால் செல்லமாட்டாது. எனவே தும்பறை மலை, கடல் சூழ்ந்த தீவினுள் நிலஞ் சூழ்ந்த மற்றொரு தீவாயிற்று. நெடுங்காலம் தனித்திருந்தமையால், பிறவிடத்திற் காணப்படாத இனங்கள் ஆங்குத் தோன்றின.

அவற்றுள் ஒன்று இலைமூக்கு ஓணான். மூக்கின் நுனியில் இலை போன்ற மெல்லிய உறுப்பொன்றை உடையது அது. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் என்பாரின் பெயரை விலங்கியலார் அதற்குச் சூட்டினர். மற்றொன்று, பாசி படர்ந்த மரங்களிலே மெல்ல ஊர்ந்து திரியும் தும்பறைக் குள்ள ஓணான். ஓணான்கள் பெரும்பாலும் முட்டையிடுவன. இதன் சாதியோ குட்டி ஈனுவது. இவ்வினம் தனியினமென 2006 ஆம் ஆண்டிலேதான் அறியப்பட்டது. அறியப்பட்டபொழுதே அழிவின் விளிம்பில் நின்றது. மூன்றாவது, 1946 ஆம் ஆண்டிற் கீர்த்திசிங்க என்னும் அறிஞர் விவரித்த பாறைத் தவளை. இதன் வாற்பேத்தைகள் குளத்தில் நீந்துவனவல்ல. ஈரப் பாறையின்மேல் மெல்லிய படலமாக வழியும் நீரிலே ஒட்டி வாழ்கின்றன. அந்நீர் ஒரு கோடையில் வற்றுமாயின் ஒரு தலைமுறையே ஒழியும்.

இவ்வுயிர்களுக்கு இடர் வந்த வரலாறு நம் மலைநாட்டின் வரலாறேயாகும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் காடுகள் பெருமளவில் விற்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. 1869 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைநோயினாற் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. காடு நின்ற நிலத்தைத் தோட்டமாக்கிய உழைப்பில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் வியர்வை மிகுதியும் கலந்துளது. ஆணை பிறருடையது, ஊதியமும் பெரும்பாலும் பிறருடையது. ஆயினும் இம்மலையோடு நமக்குள்ள தொடர்பை நாம் மறத்தல் இயலாது.

காட்டின் அருமையை அக்காலத்தார் அறவே உணராதிருந்தனரல்லர். தாவரவியலறிஞர் ஹூக்கரின் அறிவுரையைத் தழுவி, 1873 ஆம் ஆண்டில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பேணும் நெறி வகுக்கப்பட்டது. ஆயினும் ஏலம் காட்டினுட் புகுந்தது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டுமாதலின் பெருமரங்களை விட்டுவைத்து, கீழுள்ள செடிகொடிகளையும் இளங்கன்றுகளையும் களைந்தனர். தொலைவில் நின்று நோக்குவார்க்குக் காடு காடாகவே தோன்றும்; உள்ளே புகுந்து பார்ப்பார்க்கோ முதுமரங்களின் இடத்தைப் பெறுதற்குரிய கன்றுகள் இல்லாமை புலப்படும். பிள்ளைகளற்ற ஊர் போன்றது அக்காடு. பறித்த ஏலத்தைப் போறணையில் உலர்த்துதற்கு வேண்டிய விறகும் அக்காட்டிலிருந்தே வெட்டப்பட்டது.

அரசு செய்தவற்றையும் கூறுதல் வேண்டும். 1937 ஆம் ஆண்டில் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பிறந்தது. 2000 ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பேணற் காடாக அறிவிக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அம்மரபுரிமையின் மூன்று பகுதிகளுள் ஏறத்தாழ 31,300 ஹெக்டேயர் பரப்புடைய நக்கிள்ஸே பெரிது. வெளிநாட்டார் சிலர் இவ்வோணான்களை வளர்ப்புப் பிராணிகளாக விலைகொடுத்து வாங்குதலின் கள்ளக்கடத்தலும் தோன்றிற்று. அதனைத் தடுத்தற்பொருட்டு 2019 ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய அனைத்துலக மாநாடு, மேற்கூறிய இரு ஓணான்களையும் வணிகம் முற்றாக விலக்கப்பட்ட இனங்களின் அட்டவணையிற் சேர்த்தது.

சட்டம் மட்டும் போதுமா? இவ்வினாவுக்கு விடை காணத் தொலைவிலுள்ள பின்லாந்து நாட்டை நோக்குவோம். அங்குச் சைமா என்றோர் ஏரி உண்டு. பனியூழி முடிந்தபின் நிலம் உயர்ந்தமையாற் கடலினின்றும் பிரிந்த அவ்வேரியில் அகப்பட்ட கடல்நாய்கள், நன்னீரிலேயே வாழப் பழகித் தனியொரு வகையாயின. நம் ஓணானுக்கு மலை எப்படியோ அப்படியே அவற்றுக்கு அவ்வேரி. 1955 ஆம் ஆண்டிலேயே அவற்றைக் கொல்லுதல் தடுக்கப்பட்டது. ஆயினும் மீன்வலைகளிற் குட்டிகள் சிக்கி மாண்டமையால், 1980களில் அவற்றின் தொகை இருநூறுக்குங் குறைந்திருந்தது. பின்னர், ஏரியின் உரிமையாளரோடு உடன்படிக்கைகள் செய்து, இழப்புக்கு ஈடுங் கொடுத்து, குட்டிகள் நீந்தப் பழகும் இளவேனிற் காலத்தில் வலை வீசுதலை நிறுத்தினர். பனி குறைந்த ஆண்டுகளில் ஊரவர் மண்வெட்டியுடன் சென்று உறைந்த ஏரியின்மேற் பனியைக் குவித்தனர். தாய் அக்குவியலினுட் குடைந்து குட்டியீன்றது. இன்று அவற்றின் தொகை நானூற்றைக் கடந்துளது.

இதனாற் பெறப்படுவது யாது? ஓரிடத்துக்கே உரிய உயிரை, அதனருகே வாழும் மக்களே காத்தல் கூடும். ஏரிக்கரை வலைஞர்க்கு ஈடு கொடுத்தாற்போல, ஏலத்தை நம்பி வாழ்ந்த மலையடிச் சிற்றூரார்க்கும் வேறு வாழ்வுவழி காட்டுதல் வேண்டும். "காட்டினுட் புகாதே" என்பது மட்டும் கட்டளையாகும். "இதனைச் செய்து பிழைப்பாயாக" என்பதும் உடன் சேர்ந்தாற்றான் அது நீதியாகும்.

ஓணானாலும் தவளையாலும் நமக்குப் பயன் யாது என வினவுவாரும் உளர். அவை வாழுங் காடே மேகத்தின் ஈரத்தைப் பாசியாலும் இலையாலும் பற்றி நிலத்துக்கு வார்க்கின்றது. அவ்வாறு ஊறிய சிற்றாறுகள் மகாவலியையும் அதன் கிளையாகிய அம்பன் கங்கையையும் நிறைத்து, வறண்ட வலயத்து வயல்வரை செல்கின்றன. பாறைமேல் வழியும் நீர் வற்றித் தவளை மறையுமாயின், அது வயலுக்கு வரவிருக்கும் வறட்சியை முன்னறிவித்தலாகும். மேலும் உலகம் வெப்பமுறுந்தோறும் குளிரை நாடி உயிர்கள் மேலேறும். சிகரத்தில் வாழ்வன எங்கே ஏறும்?

எனினும் நம்பிக்கை இழத்தற்கில்லை. 1853 ஆம் ஆண்டில் நுவரெலியாப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட மரத்தவளையொன்று, அதன்பின் எவர் கண்ணிலும் படாமையால் அற்றுப்போனதென்றே எண்ணப்பட்டது. 2009 ஆம் ஆண்டிற் சிவனொளிபாத மலைக் காட்டில் அது மீண்டுங் காணப்பட்டது. தனக்குரிய காடு நின்றமையால் அது பிழைத்தது.

முல்லைக்குத் தேரீந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் நாம் போற்றுகின்றோம். நம் மாணவரிடம் தேரும் இல்லை, போர்வையும் இல்லை. மலையேறும்போது ஒரு செடியையும் பறியாதிருத்தல், தீ மூட்டாதிருத்தல், கண்ட உயிரைப் பிடியாது குறித்துவைத்து ஆசிரியர்க்கு உரைத்தல் என்பவை எவர்க்கும் இயல்வனவே. அம்மலையின் உயிர்கட்கு வேறு மலை இல்லை. அவற்றுக்கு அண்மையிலுள்ள அயலாரும் நம்மையன்றி வேறிலர்.