காய்ந்த வயலும் தரிசும்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், தம்பி. வறட்சி என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்றுதானே கேட்டீர்கள்?

2015 டிசம்பரில் நம் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி அடையாறு பெருக்கெடுத்தது. மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று 2017 ஜனவரி 10 அன்று தமிழக அரசு அறிவித்தது. அதற்குள் பல வயல்களில் சம்பா கருகிவிட்டது. அந்த நிலை வருமுன்பே தெரிந்துகொள்ளத்தான் கண்காணிப்பு.

மத்திய வேளாண் அமைச்சகத்தின் 2016 வறட்சிக் கையேடு இதைப் படிப்படியாகப் பார்க்கச் சொல்கிறது. முதலில் மழை. பருவத்தின் மொத்த மழையோடு, தொடர்ந்து எத்தனை வாரம் மழை குறைந்தது என்பதும் கணக்கில் வரும். ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, பால் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றால், மொத்தக் கணக்கு சரியாக இருக்கும், நெல் பதராகிவிடும்.

அடுத்து, அந்தக் குறை நிலத்தில் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். விதைத்த பரப்பு, மண்ணின் ஈரம், ஏரியிலும் கிணற்றிலும் இருக்கும் தண்ணீர், செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமை எல்லாம் சேரும். கடைசியாகக் கள ஆய்வு. பாதித்த பகுதியில் பத்தில் ஒரு கிராமத்துக்காவது நேரில் போய் வயலைப் பார்க்க வேண்டும். பயிர்ச்சேதம் 33 சதவீதத்தை எட்டினால்தான் நிவாரணப் பேச்சே வரும்.

தொழிற்சாலைகள் நிறைந்த நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இந்தக் கடைசிப் படிதான் உயிர்நாடி. தண்ணீரில்லாமல் விதைக்காத வயலும், மனை போடக் கல் நட்டு வைத்த தரிசும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏரிக்கு வரும் வரத்துக்கால் எங்கேனும் அடைபட்டால், மழைமானி நல்ல மழை என்று சொல்லும். ஏரி பாயும் ஆயக்கட்டு வயல்களோ காய்ந்து கிடக்கும். இந்த வேறுபாடு ஊருக்குள் நடந்து பார்ப்பவருக்குத்தான் புரியும்.

அதனால் உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: பயிர் வைத்தவுடன் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அடங்கல் என்னும் பயிர்க் கணக்கில் அது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளட்டும். ஏரி மட்டத்தை வாரம் ஒருமுறை ஊரார் குறித்து வைக்கட்டும். ஆய்வுக்கு வருபவரிடம் காட்ட அந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். தொழிற்சாலைகளுக்கு நடுவே இன்னும் உழுதுகொண்டிருப்பவரின் இழப்பு, விற்பனைக்குப் போட்ட தரிசோடு சேர்ந்து கணக்கில்லாமல் போய்விடக் கூடாது.