விட்ட இடத்திலிருந்து தொடரட்டும்

பணி ஓய்வுக்குப் பிறகு பனமரத்துப்பட்டியில் வசிக்கும் எனக்கு, கல்லூரியில் நடத்திய பொருளாதாரப் பாடங்களைக் காணொலியாகப் பதிவு செய்து மாணவர்களுக்கு அளிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஒரு மணி நேரப் பாடம் ஏறத்தாழ 1 ஜிகாபைட் அளவுக்கு வந்தது. அதை ஓர் இணையதளத்தில் பதிவேற்ற முயன்றேன். முதல் நாள் 87 விழுக்காடு முடிந்த நிலையில் இணைப்பு அறுந்தது. மறுநாள் 60 விழுக்காட்டில் அறுந்தது. இரண்டு முறையும் தொடக்கத்திலிருந்தே மீண்டும் அனுப்ப வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள், அதே கோப்பை, அதே இணைப்பின் வழியாக வேறொரு மேகக் கணினிச் சேமிப்பகத்துக்கு அனுப்பினேன். இடையில் மூன்று முறை இணைப்பு அறுந்தது. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, ஒன்றேகால் மணி நேரத்துக்குள் பணி முடிந்தது. குறை எங்கள் ஊர் இணைப்பில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இணையப் படிவத்தின் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை 1995-இல் வரையறுக்கப்பட்டது. அம்முறையில் கோப்பு முழுவதும் ஒரே கோரிக்கையாகச் செல்கிறது. புகைப்படம், விண்ணப்பம் போன்ற சிறிய கோப்புகளுக்கு அது போதும். பெரிய கோப்புக்குப் பொருந்தாது. கடைசி நிமிடத்தில் இணைப்பு அறுந்தாலும் அதுவரை சென்றது அனைத்தும் வீண்.

இதற்கு மாற்றாக வந்ததே துண்டு துண்டாகப் பதிவேற்றும் முறை. இருநூறு நூல்களை வெளியூருக்கு அனுப்பும் ஒருவர், அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், எண்ணிட்ட தனித்தனிப் பொதிகளாக ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் அனுப்புவதைப் போன்றது இது. எந்தப் பொதிக்கு ஒப்புகை வரவில்லையோ அதை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும்.

கணினியில் இப்பணியை உலாவியே செய்கிறது. கோப்பை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றாமல், சிறிது சிறிதாக வெட்டி எடுத்து, வரிசை எண்ணுடன் அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டும் சென்று சேர்ந்ததும் சேமிப்பகம் ஓர் அடையாளக் குறியைத் திருப்பித் தருகிறது. எல்லாக் குறிகளும் வந்த பிறகு, அவற்றின் பட்டியலுடன் 'முடிந்தது' என்ற கட்டளை செல்கிறது. சேமிப்பகம் துண்டுகளை வரிசைப்படி இணைத்து ஒரே கோப்பாக்குகிறது. அமேசான் நிறுவனம் தனது எஸ்-3 சேமிப்பகத்தில் 2010-இல் இம்முறையை அறிமுகப்படுத்தியது. கூகுள் டிரைவிலும் தொடர் பதிவேற்ற வசதி உண்டு.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பதிவேற்ற வேகம் நொடிக்கு 2 மெகாபிட் எனக் கொள்வோம். 1 ஜிகாபைட் கோப்பு செல்ல ஏறத்தாழ 67 நிமிடங்கள் ஆகும். இணைப்பு சராசரியாக 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, எப்போது என்று கூற இயலாதபடி அறுகிறது என்றும் கொள்வோம். கோப்பை முழுவதுமாக அனுப்பினால், ஒரு முயற்சி வெற்றி பெறும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குகூட இல்லை. அறுந்ததும் உடனே மீண்டும் தொடங்கினாலும், பணி முடியச் சராசரியாக 9 மணி நேரம் தேவைப்படும். அதே கோப்பை 5 மெகாபைட் அளவுள்ள 200 துண்டுகளாக அனுப்பினால், ஒவ்வொரு துண்டும் 20 நொடிகளில் சென்றுவிடும். ஒருமுறை இணைப்பு அறுந்தால் இழப்பது அதிகபட்சம் அந்த 20 நொடிகளே. மொத்த நேரம் 67 நிமிடங்களைச் சற்றே தாண்டும். இணைப்பின் தரம் மாறவில்லை. முறை மட்டுமே மாறியது.

அப்படியானால் துண்டுகளை மிகச் சிறியதாக வெட்டலாமே என்று தோன்றும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கோரிக்கை, தனி ஒப்புகை என்ற கூடுதல் செலவு உண்டு. துண்டு பெரிதானால் இழப்பு கூடும். சிறிதானால் நிர்வாகச் செலவு கூடும். இரண்டுக்கும் இடைப்பட்ட உகந்த அளவைத் தேர்வதே அறிவுடைமை. எஸ்-3 சேமிப்பகத்தில், கடைசித் துண்டைத் தவிர மற்றவை 5 மெகாபைட்டுக்குக் குறையக் கூடாது. ஒரு கோப்புக்கு 10,000 துண்டுகளுக்கு மேல் கூடாது. பாதியில் கைவிடப்பட்ட துண்டுகளும் அங்கே இடத்தை அடைத்துக்கொண்டு வாடகையைக் கூட்டும். அவற்றைக் குறித்த நாளுக்குப் பின் அழிக்க விதி எழுதி வைப்பது இணையதளத்தை நடத்துவோரின் பொறுப்பு.

இங்கேதான் பொருளாதாரக் கேள்வி எழுகிறது. இம்முறையை அமைக்கும் செலவு இணையதளத்தை நடத்தும் நிறுவனத்துடையது. அமைக்காததால் வரும் செலவோ பயனாளருடையது. வீணாகும் மணி நேரங்களும், தீர்ந்துபோகும் கைப்பேசி டேட்டாவும் எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலும் வருவதில்லை. பிறர் தலையில் ஏற்றப்படும் இத்தகைய செலவைப் 'புறவிளைவு' என்போம். தடையற்ற இணைப்புள்ள பெருநகரவாசி இதை உணர்வதே இல்லை. கிராமத்து மாணவரும் சிறுதொழில் முனைவோரும் அன்றாடம் அதைச் சுமக்கின்றனர்.

அரசின் வரையறையிலும் இந்தப் பார்வைக் குறை உண்டு. அகண்ட அலைவரிசை எனில் பதிவிறக்க வேகம் குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் வரையறுத்தது. முன்பு அது 512 கிலோபிட்டாக இருந்தது. இந்த உயர்வு வரவேற்கத்தக்கது. ஆனால், குறைந்தபட்ச பதிவேற்ற வேகம் பற்றி அதில் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2024-இல் நிர்ணயித்த அளவுகோல், பதிவிறக்கத்துக்கு 100 மெகாபிட், பதிவேற்றத்துக்கு 20 மெகாபிட் என இரண்டையும் குறிப்பிடுகிறது. பதிவிறக்குபவர் நுகர்வோர், பதிவேற்றுபவர் உற்பத்தியாளர். ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால், குடிமக்களை வெறும் நுகர்வோராகவே கருதுகிறோம் என்றாகும்.

பதிவேற்றத்தால் விளையும் நன்மைக்குத் தமிழிலேயே சான்று உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்புடன், நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்கள் 2,000-க்கும் மேற்பட்டவை வருடப்பட்ட கோப்புகளாக விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றப்பட்டுள்ளன. இன்று அவற்றை எவரும் இலவசமாகப் படிக்கலாம். அப்பொதுவகத்திலும் 100 மெகாபைட்டைத் தாண்டும் கோப்புகளை ஏற்றத் துண்டு முறையே கைகொடுக்கிறது.

தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வழியே இணைக்கும் திட்டம் நடந்து வருகிறது. அது முழுமை பெறட்டும். ஆனால், எந்த இழையும் ஒருநாள் அறும். மின்சாரமும் ஒருநாள் தடைபடும். எனவே, பெரிய கோப்புகளைக் கேட்கும் அரசு, பல்கலைக்கழக இணையதளங்கள் அனைத்திலும் தொடர் பதிவேற்ற வசதியைக் கட்டாயமாக்க வேண்டும். மென்பொருள் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம். அகண்ட அலைவரிசையின் வரையறையில் பதிவேற்ற வேகமும் இடம்பெற வேண்டும்.

தடங்கல் இல்லாத இணைப்பை எல்லா ஊருக்கும் கொண்டு செல்லக் காலமும் பெரும் முதலீடும் தேவை. தடங்கலைத் தாங்கும் இணையதளத்தை உருவாக்க, அனுப்பும் நிலையில் இருப்பவரையும் எண்ணிப் பார்க்கும் மனம் இருந்தால் போதும்.