இரண்டில் எது குறைவோ, அதுவே சான்றிதழ்

பிரேசில் அரசு நடத்தும் போர்த்துகீசிய மொழித் தேர்வான செல்பி-பிராஸுக்கு விண்ணப்பிக்கும் கெடு நெருங்கினால், வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் வந்துவிடும். இந்த மொழியைக் கற்று என்ன பயன்? இதில் எந்த நிலைத் தேர்வை எழுதுவது?

முதல் கேள்விக்கு அதிகாரபூர்வப் பதில் ஒன்று உண்டு: 26 கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. போர்த்துகீசியத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகளின் மக்கள்தொகையைப் பெரும்பாலும் மொத்தமாகக் கூட்டி வந்த எண் அது. மொசாம்பிக்கில் 2017 கணக்கெடுப்பின்படி அதைத் தாய்மொழியாகக் கொண்டோர் 17 சதவீதம் அளவுக்கே இருந்தனர். கினி-பிசாவ் தெருக்களில் கேட்பது கிரியோல். அசைக்க முடியாத காரணம் பிரேசில்தான். 20 கோடிக்கு மேற்பட்ட மக்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. பாடம் மட்டும் போர்த்துகீசியத்தில் நடக்கும்.

இரண்டாவது கேள்விக்கு விடை: நிலைவாரித் தேர்வே இல்லை. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்.

இலக்கணக் கேள்வியோ, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியோ இதில் இல்லை. எழுத்துத் தேர்வில் 3 மணி நேரத்தில் 4 பணிகள். ஒரு காணொளியை இருமுறை காட்டுவார்கள். பார்த்ததை வைத்து, குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட நோக்கத்துக்காக எழுத வேண்டும். அடுத்தது ஒலிப்பதிவு. மற்ற இரண்டும் வாசித்து எழுதுபவை. வாய்மொழித் தேர்வு 20 நிமிடம்; ஒருவர் உரையாடுவார், இன்னொருவர் பேசாமல் கவனித்து மதிப்பிடுவார். எழுதியதும் பேசியதும் எவ்வளவு தேறுகின்றனவோ, அதற்கேற்ப நான்கு நிலைகளில் ஒன்று கிடைக்கும். அருமையான ஏற்பாடு.

உறுத்துவது கடைசிப் படி. இரண்டு மதிப்பெண்ணுக்கும் சராசரி எடுப்பதில்லை, குறைந்ததுதான் நிற்கும். 5-க்கு 4.5 வாங்கும் அளவுக்கு எழுதுபவர் உச்ச நிலைக்குத் தகுதியானவர். அவரே பேச்சில் 2.5 வாங்கினால் கையில் வருவது அடிமட்ட ‘இடைநிலை’ச் சான்றிதழ். பேச்சில் 1.9 என்றால் அதுவும் இல்லை. புத்தகத்தை வைத்துத் தனியாகப் படிப்பவரை இந்த விதி கடுமையாகவே தண்டிக்கிறது. மாறாக, லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலைப் போர்த்துகீசியத் தேர்வான சிப்லேயில் பகுதிகளைக் கூட்டி 55 சதவீதம் வந்தால் தேர்ச்சி.

இன்னும் சில கேள்விகள். பிரேசில் உச்சரிப்பா, போர்ச்சுகல் உச்சரிப்பா? போகும் நாட்டைப் பார்த்து முடிவு செய்யலாம். போர்ச்சுகலில் உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிவிடுவார்கள்.

கோவாவில் பயன் உண்டா? வழக்கறிஞருக்கும் வரலாற்று ஆய்வாளருக்கும் உண்டு; பழைய பத்திரங்கள் அந்த மொழியில்தான் இருக்கின்றன.

தமிழருக்கு எளிதா? ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, ஏலம் எல்லாம் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. ஆனால் வினைத்திரிபுகளை உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

பணம் கட்டும் முன், நீங்கள் போகக்கூடிய தேர்வு மையம் இந்தச் சுற்றில் இருக்கிறதா என்று தேர்வை நடத்தும் இனெப் நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். மீதமுள்ள நாட்களில் தினமும் யாரிடமாவது வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.